இருபத்தைந்து கிலோ

காலை பத்து மணிக்கு, காய்கறி வாங்கப் புறப்பட்டவன் மாதிரி ஒருவன் நடுத்தெருவில் நடந்து வந்தான். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து அவனை முதலில் பார்த்தது அண்ணிதான்.

"ஏய், இங்க வாடி. ஒரு ஆளு வர்றான்."

"ஓடி வர்றானா?" என்றாள் நாத்தனார்.

"நடந்து வர்றான். அதான் கூப்பிடுறேன்."

நாற்பத்தொரு நாளாக அந்தத் தெருவில் யாரும் நடந்ததில்லை. ஓடினவர்கள் உண்டு. அவர்களில் யாரும் தெருமுனையைத் தாண்டியதை அவள் பார்த்ததில்லை. தெருவைப் பிடித்துக்கொண்ட அந்த மிருகங்கள் எருமை அளவு இருக்கும். நனைந்த தார்ப்பாய் போலத் தோல். கண் கிடையாது, காதும் கிடையாது. கழுத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக மூக்குத் துவாரங்கள் மட்டும். எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. சொல்லாமல் வந்து, கிளம்புகிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டதால் அண்ணி அவற்றுக்கு விருந்தாளிகள் என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்த எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் மீந்திருந்தது மூன்று பேர். பன்னிரண்டு வருஷமாக அங்கே லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவள், அவளுடைய அண்ணி, ஏழாம் மாடி அலுவலகத்தின் மேனேஜர். முதல் நாளே அவளுடைய அண்ணன் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே இருந்த படிக்கட்டைச் சம்மட்டியால் உடைத்துவிட்டான். உடைத்து முடித்தபோது அவன் கீழ்ப்பக்கம் நின்றிருந்தான். மேலே ஏற அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு மேலே வர ஒரே வழி லிஃப்ட். கரண்ட் இல்லை. ஆனால் அது பழைய லிஃப்ட், கையாலேயே ஓட்டலாம். பெட்டிக்கு மறுபுறம் கம்பி வடத்தில் இரும்புக் கட்டிகள் தொங்கும், பெட்டியைவிடக் கனமாக. மொட்டைமாடி மோட்டார் அறையில் அண்ணி பிரேக் லிவரை அழுத்துவாள். இரும்பு கீழே இறங்க, பெட்டி தானாக மேலே வரும். அவள் சக்கரத்தைப் பிடித்து வேகத்தை அடக்குவாள். பெட்டியைக் கீழே இறக்க அதையே எதிர்ப்பக்கமாகச் சுற்றுவாள். பெட்டியில் ஆள் கனமாக இருந்தால் சக்கரம் மெதுவாகச் சுழலும், லேசாக இருந்தால் துள்ளும். உள்ளே இருப்பவர் எத்தனை கிலோ என்று அவள் உள்ளங்கை சொல்லிவிடும்.

வாசல் ஷட்டருக்கு அடியில் நுழைந்து வந்தவன், அவர்கள் இறக்கிவைத்த பெட்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். ஒல்லியான ஆள், தோளில் ஒரு பை. அறுபத்தைந்து கிலோ இருப்பான் என்று ஜன்னலில் பார்த்தபோதே அவள் கணக்குப் போட்டிருந்தாள். சக்கரம் தொண்ணூறு என்றது.

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்ததும் அவள் கேட்டாள்: "பையில என்ன?"

"துணிமணி."

"வெறும் துணியா?"

"ரெண்டு புஸ்தகமும் இருக்கு." அவன் சிரித்தான். அழகான சிரிப்பு. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாற்பத்தொரு நாள் வெளியே பிழைத்தவனுக்கு இப்படிச் சிரிக்க எப்படி வருகிறது?

சர்வேயர் என்று சொல்லிக்கொண்டான். நிலம் அளக்கிற வேலை. விருந்தாளிகளிடமிருந்து எப்படித் தப்பித்தீர்கள் என்று மேனேஜர் கேட்டதற்கு, "அதிர்ஷ்டம் சார்" என்றான். மேனேஜர் அவளைத் தனியாக அழைத்தார். "அதிர்ஷ்டம் தெருவை வேணா தாண்ட வைக்கும்மா. ஊரையே தாண்ட வைக்காது. இவன்கிட்ட என்னமோ இருக்கு."

மூன்றாவது நாள் ஷட்டருக்கு வெளியே இரண்டு விருந்தாளிகள் வந்து படுத்துக்கொண்டன. ஐந்தாவது நாள் நான்கு. முதல் நாளுக்குப் பிறகு அதுவரை இந்தக் கட்டடத்தை அவை திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனால் அவன் உதவியாகத்தான் இருந்தான். இரண்டு முறை வெளியே போய் டின் மீனும் பிஸ்கட்டும் கொண்டுவந்தான். அண்ணியின் வீங்கிய முழங்காலுக்கு மருந்துக்கடையிலிருந்து தைலம் எடுத்து வந்தான். போகும்போதும் வரும்போதும் பை தோளிலேயே இருந்தது. துணிமணியைத் தூக்கிக்கொண்டு எவன் கடைக்குப் போவான்?

மற்ற நேரமெல்லாம் மோட்டார் அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வடத்துக்குக் கிரீஸ் போடக் கற்றுக்கொண்டான். கேள்வி கேட்டான். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட அவளிடம் லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று கேட்டதில்லை. எப்போது சரியாகும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"வடம் அறுந்தா?"

"அஞ்சு வடம் இருக்கு. ஒண்ணு அறுந்தாலும் நாலு தாங்கும்."

"மனுஷனுக்கும் இப்படி அஞ்சு இருந்தா நல்லாயிருக்கும்."

"உங்களுக்கு எத்தனை மிச்சம்?"

அவன் கிரீஸ் படிந்த விரலால் அவள் மூக்கில் ஒரு கோடு போட்டான். அவள் சிரித்துவிட்டாள். அண்ணன் போனதிலிருந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நின்ற பிறகும் இருவரும் விலகவில்லை. அவன் முத்தமிட்டபோது அவள் கண்ணை மூடவில்லை. ஒரு கண்ணால் மூலையில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கரைந்து ஓடியது உண்மை. அந்த இருபத்தைந்து கிலோ மட்டும் கரையாமல் அப்படியே நின்றது.

பத்தாவது நாள் நல்ல மழை. அவன் மொட்டைமாடியில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தான். பையை ஆறாம் மாடியில் ஃபைல் அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தான். பூட்டைத் திறப்பது மெக்கானிக்குக்குப் பெரிய காரியமா? ஒரு ஸ்க்ரூடிரைவரும் அரை நிமிஷமும் போதுமாயிருந்தது.

உள்ளே துணி இல்லை. மூன்று பெரிய பிளாஸ்டிக் ஜாடிகள். மூடியைத் திறந்ததும் புளித்த பாலும் துருவும் கலந்த ஒரு வாடை குப்பென்று அடித்தது. மஞ்சளாக, கட்டியாக, கொழுப்பு. வாடை அவளுக்குத் தெரிந்ததுதான். காற்று இந்தப் பக்கம் வீசும்போதெல்லாம் தெருவிலிருந்து வருகிற விருந்தாளி வாடை.

"மூடிடு," என்றான் அவன் பின்னாலிருந்து. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "வாடை வெளிய போனா இன்னும் நாலு வரும்."

அவள் ஸ்க்ரூடிரைவரை இறுகப் பிடித்தாள். "நீ யாரு?"

அவன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தான். "சர்வேயர் இல்ல. இறைச்சிக்கூடத்துல அறுக்கிற வேலை. கசாப்புக்காரன்னு சொன்னா கதவைத் திறந்திருப்பீங்களா?"

"இது என்ன?"

"அதுங்க கழுத்துக்கடியில ஒரு சுரப்பி இருக்கு. எங்க கூடத்துல சுவர் விழுந்து ஒண்ணு செத்துச்சு. அறுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம். இது உடம்பெல்லாம் ஒட்டிக்கிச்சு. அப்புறம் ரெண்டு உள்ள வந்துச்சு. என்னை முகர்ந்து பார்த்துட்டு, தன் ஆளுன்னு நினைச்சுப் பக்கத்துலயே படுத்துக்கிச்சு."

"அதான் இங்கயும் வந்து படுக்குது."

"ஆமா. வாடைக்கு வரும். பூசினவனைத் தொடாது. வெளிய போறப்ப சட்டைக்குள்ள பூசிக்குவேன், வந்ததும் கீழயே துடைச்சுடுவேன். பூசாதவன் பக்கத்துல இருந்தா..."

பத்து நாளாக அவர்கள் தலைமேல் இதை வைத்துக்கொண்டுதான் இவன் பிஸ்கட் தின்றிருக்கிறான். "ஏன் சொல்லல?"

"முன்னாடி ஒரு இடத்துல சொன்னேன். ஜாடிக்காக ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டாங்க." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஏரி நடுவுல பம்ப் ஹவுஸ்ல புகை தெரியுதில்ல? அங்க ஜனங்க இருக்காங்க. இதுங்களுக்கு நீச்சல் தெரியாது. இந்த மூணு ஜாடி ரெண்டு பேருக்குப் போதும். நீயும் நானும்."

"அண்ணி? மேனேஜர்?"

"நாலு பேருக்குப் பிரிச்சா பூச்சு மெல்லிசாயிடும். அரை மணியில காஞ்சிடும்." குரல் கம்மியது. "என் அக்காவும் நானும் ஒருத்தருக்குள்ளதைப் பாதிப் பாதியா பூசிக்கிட்டோம். எனக்குத் தாங்குச்சு. அவளுக்குத் தாங்கல."

அவள் நம்பவில்லை. கதை கச்சிதமாக இருந்தது. அழுத்த வேண்டிய இடத்தில் குரலும் கம்மியது. ஆனால் கீழே ஷட்டர் வளையத் தொடங்கியிருந்தது. டின்னும் ஆறுதான் மிச்சம். நம்பினாலும் நம்பாவிட்டாலும் வெளியேறித்தான் ஆக வேண்டும்.

"ஒரு விருந்தாளியிலிருந்து எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"ரெண்டு பேருக்கு. ஏன்?"

"அப்ப இன்னும் ஒண்ணைக் கொன்னாப் போதும்," என்றாள்.

*

அன்று மதியமே நான்கு பேரும் கூடி உட்கார்ந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் கொதித்துப்போனார். "நான் அப்பவே சொன்னேன்ல? இவனைக் கீழ தள்ளு முதல்ல."

"தள்ளிட்டா யாரு சார் அறுப்பாங்க? நீங்களா?" என்றாள் அண்ணி.

லிஃப்டை வைத்து அவள் போட்ட திட்டம் எளிமையானது. லிஃப்ட் குழியின் பின்பக்கம், இரும்புக் கட்டிகள் வந்து இறங்கும் இடத்தில் ஒரு கை கொழுப்பைப் பூசுவது. ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி ஒரே ஒரு விருந்தாளியை உள்ளே விடுவது. அது வாடையைத் தேடிக் குழிக்குள் தலையை விட்டதும், மேலே பிரேக்கைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைப் பிடிக்காமல் விடுவது. காலிப் பெட்டி மேலே பாயும். இரண்டு டன் இரும்பு கீழே விழும்.

"அதோட லிஃப்ட் செத்துடும்," என்றாள். "வடம் கழண்டுக்கும். அப்புறம் தீயணைப்புக் குழாயைப் படிக்கட்டு ஓட்டை வழியா தொங்கவிட்டுத்தான் ஏறணும், இறங்கணும்."

கீழே போகப் போவது அவன். சைகை காட்ட, குழியிலிருந்து மோட்டார் அறைவரை ஒரு கயிறு. இரண்டு முறை இழுத்தால் பிரேக்கைத் திறக்க வேண்டும்.

மறுநாள் காலை பெட்டியில் ஏறுமுன் அவன் அவளைப் பார்த்துக் கேட்டான்: "நான் குழியில நின்னு பூசிட்டிருக்கும்போது அண்ணி கை வழுக்கிடாதே?"

விளையாட்டாகக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தேகம் அவள் பக்கம் மட்டும் இருக்கிறது என்று இதுவரை நினைத்திருந்தாள். "வழுக்காது. ஜாடி மூணையும் எடுத்துக்கிட்டு நீ அப்படியே போயிட மாட்டியே?"

"மூணும் எதுக்கு? ஒண்ணு போதும்."

"எல்லாத்தையும் எடுத்துக்கோ," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. போகிறவன் போகட்டும், இப்போதே தெரிந்துவிடட்டும் என்ற வெறுப்பாக இருக்கலாம்.

அவனை இறக்கிவிட்டுப் பெட்டியை முதல் மாடிக்கு ஏற்றி நிறுத்தினார்கள். அரை மணி நேரம் கயிறு அசையவில்லை. அப்புறம் இரண்டு இழுப்பு, வெடுக் வெடுக்கென்று. அண்ணி லிவரை அழுத்தினாள். சக்கரம் சீறிச் சுழன்றது. கட்டடமே ஒருமுறை தூக்கிப்போட்டது. வடங்கள் பள்ளத்திலிருந்து கழன்று சுவரில் அறைந்தன. கீழிருந்து ஒரு ஓசை வந்தது. இடி விழுந்த மாதிரி ஒன்று, அதன் பின்னால் மூச்சு விடுவது போல ஒன்று.

மணி பதினொன்று.

சுரப்பியை அறுத்தெடுக்க அரை மணி ஆகும் என்று சொல்லியிருந்தான். பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. தொங்கவிட்ட குழாயின் பக்கத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதிலில்லை.

"போயிட்டான்மா," என்றார் மேனேஜர். இந்த முறை கோபம் இல்லை, சோர்வுதான். "நாமதான் பையைக் கட்டிக் கொடுத்து அனுப்பி வச்சோம்."

"செத்திருக்கலாம்," என்றாள் அண்ணி.

"பூசினவனைத் தொடாதுன்னு அவனேதானே சொன்னான்? அது உண்மைன்னா போயிட்டான். பொய்யின்னா செத்துட்டான். நமக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

உள்ளுக்குள் நிம்மதி மாதிரி ஏதோ பரவியதை உணர்ந்து அவள் கூசிப்போனாள். சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்துகொள்வதிலும் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்கு நடுவில் நெஞ்சு ஏன் இப்படி வலிக்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

மூன்றரை மணிக்குக் குழாய் ஆடியது.

"யாரு?" என்றாள், பெரிய ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு.

"இழு," என்றது கீழிருந்து ஒரு குரல். அவ்வளவு மெல்லிய குரல்.

முதலில் ஜாடிகள் வந்தன, மூன்றுக்குப் பதில் ஐந்து. கூடுதல் இரண்டும் கீழ்த்தளச் சமையலறை வாளிகள். பிறகு அவன். முகம் சாம்பலாக இருந்தது. சுவரில் சாய்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினான்.

"அதோட ஜோடி பின்னாலயே வந்துடுச்சு. செத்தது மேல தலைய வச்சுப் படுத்துக்கிச்சு. நான் பாதி அறுத்துட்டு இருக்கேன். கத்தி உள்ள. அசைய முடியல. நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு, வாயைத் திறந்தா என் மூச்சு அதுக்குத் தெரிஞ்சிடும். மூணு மணி நேரம் நின்னேன்." கண்களைத் துடைத்துக்கொண்டான். "முனகிட்டே இருந்துச்சு. நம்ம மாதிரியே. அது எழுந்து வாசல் பக்கம் போன அப்புறம்தான் மிச்சத்தை அறுத்தேன்."

அவள் அவன் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். விரல் கணுக்கள் எல்லாம் கத்திப் பிடியில் இறுகி மரத்திருந்தன, முழுசாக விரிக்க முடியவில்லை. அவள்தான் ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள்.

*

மறுநாள் விடிந்து, வெயில் வந்த பிறகு புறப்பட்டார்கள். அண்ணியின் முழங்கால் மூன்று கிலோமீட்டர் தாங்காது. மேனேஜரே தன் அலுவலகச் சுழல் நாற்காலியைக் குழாயில் கட்டி இறக்கினார். சக்கரங்கள் கிறீச்சிடாமல் இருக்க அவள் கிரீஸ் போட்டிருந்தாள். விருந்தாளிகளுக்குக் காது கிடையாதுதான், ஆனாலும் நால்வருக்கும் அந்தச் சத்தம் தாங்காது. தலைமுதல் கால்வரை விரல் கன மஞ்சள். அண்ணி தன் கையை முகர்ந்து பார்த்து, "கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பூசல," என்றாள்.

அவள் அவனை முன்னால் நடக்கச் சொன்னாள். முதுகுப் பக்கம் யாரும் இருப்பதை அவளால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அவன் ஏன் என்று கேட்காமல் முன்னால் போனான்.

வாசலில் படுத்திருந்தவை தலையைத் தூக்கின. ஒன்று எழுந்து வந்து அண்ணியின் மடியில் கழுத்தை வைத்தது. துவாரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்த மேனேஜர் ஓர் அடி பின்வாங்கினார். ஆனால் அவர் விட்டுவிட்டு ஓடவில்லை. அரை நிமிஷம் கழித்து அது தலையை எடுத்தது. ஆனால் விலகிப் போகவில்லை, கூடவே நடந்தது.

"அதுதான்," என்றான் அவன் திரும்பாமல். "ஜோடி. நம்ம மேல இருக்கிறது அதோட ஆளு வாடை."

மூன்று கிலோமீட்டரும் அது வந்தது. மூன்று தடவை நின்று புதிதாகப் பூசிக்கொண்டார்கள், அதுவும் நின்றது. ஏரிக்கரையை அடைந்தபோது ஜாடிகளில் வழித்தெடுக்கவும் ஒன்றும் இல்லை. பம்ப் ஹவுஸிலிருந்து ஒரு படகு பாதி தூரம் வந்து, கரையில் விருந்தாளியைப் பார்த்து நின்றுவிட்டது. இறங்கி வரச் சொல்லிக் கையாட்டினார்கள். தண்ணீரில் இறங்கினால் பூச்சு கரையும். கரைந்த நொடியில் அது தெரிந்துகொள்ளும்.

"நீங்க மூணு பேரும் இறங்குங்க," என்றான்.

அவளும் மேனேஜரும் அண்ணியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் கரையில், அதன் பக்கத்திலேயே நின்று சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஏதோ செய்கிறான், நம்மை விட்டுக்கொடுத்துவிட்டுத் தான் மட்டும் தப்பப் பார்க்கிறான் என்று அந்தக் கணத்திலும் அவள் மனசு பாய்ந்தது. மெள்ளக் குனிந்து, கொழுப்பு ஊறிய சட்டையைப் புல்மேல் விரித்து வைத்தான். அது முகர்ந்தது. முன்னங்கால்களை மடித்து, சட்டையின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. வெற்று மார்போடு அவன் பின்பக்கமாகவே அடிமேல் அடி வைத்துத் தண்ணீருக்குள் இறங்கினான். கழுத்தளவு வந்த பிறகுதான் திரும்பி நீந்தினான்.

பம்ப் ஹவுஸில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு அம்மா நோட்டில் எல்லோரையும் பதிந்துகொண்டாள். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

அவனும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணா வந்தோம்னு எழுதிக்கோங்க," என்றாள் அவள்.

பம்ப் மோட்டார்களைச் சரிசெய்யும் வேலை அவளுக்குக் கிடைத்தது. மீன் அறுக்கும் வேலை அவனுக்கு. தினமும் மத்தியானம் சாப்பிட்ட பின் அவன் அவளைத் தேடி மோட்டார் அறைக்கு வருவான். அவள் அவன் அக்காவைப் பற்றிக் கேட்பாள். எந்தத் தெரு, எந்த நேரம், என்ன உடுத்தியிருந்தாள், கடைசியாக என்ன சொன்னாள். ஒரு வாரம் விட்டு அதையே திரும்பக் கேட்பாள், எங்காவது மாறுகிறதா என்று. மாறவில்லை. ஒரே ஒரு தடவை, அக்காவின் செருப்பு நிறம் மாறியது. அதற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை.

"ஒரு மனுஷனை எத்தனை நாள்டி சோதிப்பே?" என்று அண்ணி திட்டினாள். "உங்க அண்ணன் என்னைப் பெண் பார்க்க வந்தப்ப நீலச் சட்டைன்னு நான் சொல்வேன், வெள்ளைன்னு அவர் சொல்வார். எங்க ரெண்டு பேர்ல யாரு பொய் சொன்னது?"

ஐந்தாம் முறை கேட்டபோது அவன் பாதியில் நிறுத்தினான். "இன்னும் எத்தனை தடவை கேட்பே?"

"நம்புற வரைக்கும்."

"சரி, கேளு," என்றான். எரிச்சல் இல்லை. தரையில் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். சொல்லும்போதே அழுதான். கம்மிய குரலோ துடைத்த கண்ணோ இல்லை இந்த முறை; மூக்கு ஒழுக, அசிங்கமாக, வாயைக் கோணிக்கொண்டு அழுதான். அவள் தன் முந்தானையைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் நோட்டு வைத்திருந்த அம்மாவிடம் போய், "அவர் என் வீட்டுக்காரர். மாத்தி எழுதிக்கோங்க," என்றாள். பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். ஒரு ஜன்னல், ஒரு கட்டில். சாமான்களை வைப்பதற்கு முன் அவள் ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

"நீயே போடு," என்று அவனிடம் சொல்லிவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டியபடி துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள்.